வால்வுக்குக் காப்பீடு உண்டு, வாடகைக்கு இல்லை

எங்கள் தெருமுனையில் பூ கட்டி விற்கும் அக்காவுக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "பணத்துக்கு என்ன செய்தீங்க?" என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு முட்டி வீங்கியிருக்கிறது. அந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் இடது பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. அந்தக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க, பல வருடமாக மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி. போகப்போக நாலு படி ஏறவே மூச்சு வாங்கியது.

தோட்டை அடகு வைத்து, மீதியை வட்டிக்கு வாங்கக் கிளம்பியவரை, "இருங்கக்கா, காப்பீட்டு அட்டை போட்டுப் பார்ப்போம்" என்று நிறுத்தினோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வால்வு மாற்றுவதும் அதில் அடங்கும். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிந்தோம். இதற்குக் கூட ஒரு ஆள் அலைய வேண்டும். மூச்சு வாங்கும் மனுஷியால் தனியாக முடியாது. தயவுசெய்து யாராவது கூடப் போங்கள்.

ஆபரேஷன் செலவைத் திட்டம் பார்த்துக்கொண்டது. ஆனால் நெஞ்செலும்பைப் பிளந்து செய்கிற ஆபரேஷன் இது. எலும்பு கூடும்வரை இரண்டு மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது. பூக்கூடை தூக்காவிட்டால் வருமானம் ஏது? வீட்டு வாடகை, துணைக்கு இருந்த மகளின் சாப்பாடு, பஸ் காசு எதையும் எந்த அட்டையும் தராது. உலோக வால்வு என்பதால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. மாத்திரை அளவு சரியா என்று பார்க்க, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று சொல்லும் ஐஎன்ஆர் பரிசோதனை வேறு அடிக்கடி. காசில்லை என்று மாத்திரையை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிவிடக்கூடும். எனக்கு ஆபரேஷனைவிட இதுதான் பயமாக இருந்தது.

அதனால் மொத்தமாக நிதி திரட்டாமல் செலவுகளைப் பிரித்துக்கொண்டோம். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை ஏற்றுக்கொண்டார். தெருப் பையன்கள் ரத்தம் கொடுத்தார்கள். வாடகையை நாலு வீடு சேர்ந்து வீட்டுக்காரரிடமே கட்டுகிறோம். அக்கா முதலில் கூச்சப்பட்டார். "கூடை தூக்க ஆரம்பிச்சதும் நிறுத்திடணும்" என்ற கண்டிப்போடுதான் ஒத்துக்கொண்டார்.

அடுத்த ஐஎன்ஆருக்கு அவரைக் கூட்டிப்போவது என் முறை. அடுத்த மாத வாடகைக்கு இன்னும் ஒரு பங்கு குறைகிறது. எங்கள் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் என்னிடம் சொல்லுங்கள்.