மேலே இருக்கிற சென்சாரை யார் சரிபார்ப்பது?

கப்பலூர் பக்கம் ஒரு கேலிப்ரேஷன் லேபில், அதாவது அளவுக்கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கிற இடத்தில் வேலை. துப்பாக்கி மாதிரி இருக்குமே, அந்த அகச்சிவப்பு தெர்மாமீட்டர்தான் எங்களிடம் அதிகம் வரும். கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே புகார்: "சார், இது பொய் சொல்லுது." பளபளக்கிற எவர்சில்வர் பாத்திரத்தில் பால் கொதித்துக்கொண்டிருக்கும், கன் 40 சொச்சம் காட்டும். அதே பாத்திரத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதைக் குறிபார்த்தால் 90ஐத் தாண்டிவிடும். கன் அளப்பது தன்னிடம் வந்துசேரும் கதிர்வீச்சை. பளபளப்பான உலோகம் தன்னுடையதைக் கஞ்சத்தனமாக விட்டுவிட்டு, எதிர்ச்சுவரில் இருந்து வருவதைத்தான் நிறையத் திருப்பி அனுப்பும்.

எங்கள் பாடு சுலபம். பிளாக்பாடி என்கிற கறுப்புப் பூச்சுக் குழியைத் தெரிந்த சூட்டில் வைத்து, கன்னைக் காட்டி, வித்தியாசத்தை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போன, மேகத்தின் சூட்டை இதே அகச்சிவப்பில் அளக்கும் இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோளை அப்படி மேஜைக்குக் கொண்டுவர முடியுமா? அதனால் இந்த மாதிரிக் கருவிகளுக்குள்ளேயே ஒரு பிளாக்பாடியை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஸ்கேன் கண்ணாடி அதை ஒருமுறை பார்க்கும், 3 கெல்வின்கூட (ஏறக்குறைய மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்) இல்லாத வெற்று விண்வெளியை ஒருமுறை பார்க்கும். இரண்டு புள்ளி கிடைத்துவிட்டால், சென்சார் காட்டுவதைக் கதிர்வீச்சாக மாற்றிப் படிக்க ஒரு கோடு போட்டுவிடலாம்.

ஆனால் நடுராத்திரியில் அந்தக் கோடு ஆட்டம் காணும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியையே பார்த்துக்கொண்டிருக்கும் கருவிக்கு, நமக்கு நள்ளிரவாகும் நேரத்தில் சூரியன் பூமிக்குப் பின்பக்கம் வந்து வாய்க்குள்ளேயே வெயிலடிக்கும். உள்ளே எல்லாம் சூடேறி, பிளாக்பாடியின் கதிர்வீச்சோடு பக்கத்துப் பாகங்களுடையதும் கலந்துவிடும். அமெரிக்காவின் பழைய கோஸ் வானிலைச் செயற்கைக்கோள்களுக்கு இதற்காகவே தனியாக ஒரு நள்ளிரவுத் திருத்தம் போட்டார்கள். செத்துப்போன சென்சாரைச் சின்னப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்; அரை டிகிரி நகர்ந்த சென்சார்தான் ஆளைக் கவிழ்க்கும், ஏனென்றால் அது அனுப்பும் மேகப்படம் அப்போதும் அம்சமாகவே இருக்கும்.

அப்புறம் என்ன, வெளியாள் சாட்சிதான். ஐரோப்பாவின் மெட்ஆப் செயற்கைக்கோளில் ஐஏஎஸ்ஐ என்று ஒரு கருவி, அகச்சிவப்பை 8,461 கூறாகப் பிரித்துப் பார்க்கும். அதுவும் நம்முடையதும் ஒரே இடத்தை, ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே கோணத்தில் பார்த்த சமயங்களைப் பொறுக்கியெடுத்து ஒப்பிடுவார்கள்.

இதைச் சொன்னபோது லேபில் இருக்கும் தம்பி விடவில்லை. "அண்ணே, அப்ப அந்த ஐஏஎஸ்ஐயை யாரு பாக்குறா?" அதை அமெரிக்காவின் கிரிஸ் என்கிற அதே மாதிரிக் கருவியோடு ஒப்பிடுகிறார்கள், வித்தியாசம் ஒரு டிகிரியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் என்றேன். மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் கன்னுக்கே சான்றிதழில் ஒரு டிகிரி முன்னே பின்னே என்றுதான் எழுதிக் கொடுக்கிறோம்.