நீல மூடி ட்யூப்

பன்னிரண்டு வருடமாக லேபில் இரத்தம் எடுக்கிறேன். சித்தப்பா கையை நீட்டியபோது மட்டும் நரம்பு கிடைக்க இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. "எல்லாருக்கும் இப்படித்தான் குத்துவியாம்மா?" என்றார். வாய் லேசாகக் கோணியிருந்ததால் கடைசி வார்த்தை குழறியது.

அவர் டெய்லர், வயது 58. துணி வெட்டும்போது கத்தரி வலது கையிலிருந்து நழுவியிருக்கிறது. ஸ்ட்ரோக். எம்ஆர்ஐயில் மூளையில் இரண்டு மூன்று இடத்தில் பொட்டுப் பொட்டாக அடைப்பு. கழுத்து இரத்தக் குழாய்க்கான டாப்ளர் ஸ்கேனும், இதயத்துக்கான எக்கோ ஸ்கேனும் நார்மல். இதயத் துடிப்பைப் பதிகிற ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டிவைத்தும் ஒன்றும் சிக்கவில்லை. கேஸ் ஷீட்டில் 'கிரிப்டோஜெனிக்' என்று எழுதினார்கள். காரணம் தெரியவில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்வது, வேறொன்றுமில்லை.

டி-டைமர் டெஸ்டுக்கு நீல மூடி ட்யூப். உள்ளே இரத்தம் உறையாமல் தடுக்கிற சிட்ரேட் இருக்கும். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு என்று கணக்கு; கோடு வரை நிரம்பாவிட்டால் ரிசல்ட்டை நம்ப முடியாது. உறைந்த இரத்தம் கரையும்போது உதிர்கிற துணுக்குதான் டி-டைமர். எங்கள் மெஷினில் 500க்குள் இருந்தால் நார்மல். 1840 வந்தது. மறுபடி ஓட்டினேன், 1860.

காரணம் தெரியாத ஸ்ட்ரோக், பல இடத்தில் அடைப்பு, கூடவே டி-டைமரும் எகிறினால் உடம்பில் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். இது எனக்குத் தெரியும், சித்திக்குத் தெரியாது. சிடி ரிப்போர்ட் வரும்வரை இரண்டு நாள் சித்தி முகத்தைப் பார்க்காமலே பேசினேன். நெஞ்சிலும் வயிற்றிலும் எதுவும் இல்லை.

கிருமித் தொற்று, வயது, ஏன், ஸ்ட்ரோக்கே கூட டி-டைமரை ஏற்றிவிடும். அது அதிகமாக இருப்பவர்கள் தேறுவது பொதுவாகக் கொஞ்சம் மோசம்தான். ஆனால் அது ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கிற கணக்கு. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருக்கிற அந்த எண் மேல் விரலை வைத்து "மறுபடி வருமா?" என்று கேட்கிற ஒருவருக்கு அதிலிருந்து என்ன பதில் சொல்வது?

அப்புறம் என்டி-ப்ரோபிஎன்பி என்ற இன்னொரு இரத்த டெஸ்ட், 410. இதயச் சுவர் இழுபடும்போது கசிகிற பொருள் அது. "அப்போ ஆஸ்பிரினை விட்டுட்டு இரத்தம் உறையாம இருக்குற மாத்திரை கொடுக்கலாம்ல?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. இதைத்தான் ஆர்கேடியா என்ற ஆய்வில் சோதித்தார்கள். முடிவு 2024இல் வந்தது. காரணம் தெரியாத ஸ்ட்ரோக் வந்து, இதய மேலறையில் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் அடையாளம் ஒன்றாவது உள்ள 1015 பேர். அந்த அடையாளங்களில் ஒன்று, என்டி-ப்ரோபிஎன்பி 250க்கு மேல் இருப்பது. ஒரு பாதிக்குத் தம்பி கேட்ட வகை மாத்திரையான அபிக்சபான், மறு பாதிக்கு ஆஸ்பிரின். திரும்ப ஸ்ட்ரோக் வந்தது இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஆண்டுக்கு 4.4 சதவீதம். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆஸ்பிரினே தொடர்கிறது. இதயத் துடிப்பு எப்போதாவது தாறுமாறாகிறதா என்று பார்க்க, நெஞ்சுத் தோலுக்கடியில் சின்னதாக ஒரு மானிட்டர் வைத்திருக்கிறார்கள். ஏழு மாதமாகிறது, இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.

கத்தரி இப்போது இடது கையில். வலது கைக்காகச் செய்த பிடி, கட்டைவிரலில் காய்ப்பு ஏற்றியிருக்கிறது. போன வாரம் எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். ஒரு தோள் அரை இஞ்ச் இறக்கம். அதைப் போட்டுக்கொண்டுதான் இன்று டூட்டிக்கு வந்திருக்கிறேன்.