டிரினிடாடுக்கு விசா வேண்டாம், ஆனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள்

சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்க்கவோ கரீபியன் தீவான டிரினிடாடுக்குப் போக இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. இதைச் சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள். அந்தத் தீவிலிருந்து திரும்பி வரும்போது நம்ம ஊர் விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள் என்பதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரர் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகும், "அது ஆப்பிரிக்கா போறவங்களுக்கு சார், உங்களுக்கு வேணாம்" என்று அடித்துச் சொன்னார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தங்கைக்கு அங்கே குழந்தை பிறந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு பாயின்ட் லீசாஸ் தொழிற்பேட்டையில் அம்மோனியா ஆலையில் வேலை, வீடு பக்கத்தில் கூவா என்கிற ஊரில். பேரனைப் பார்க்க அம்மாவை அழைத்துப் போக வேண்டும். அம்மாவுக்கு 67 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

முதல் அடி டிக்கெட்டிலேயே விழுந்தது. லண்டன் ஹீத்ரோவில் இறங்கி, கேட்விக்கிலிருந்து வேறு விமானம் பிடிக்கிற மாதிரி போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் பிரிட்டன் குடிவரவைத் தாண்டி வெளியே வந்தாக வேண்டும், அதற்குத் தனி விசா. உள்ளேயே மாறினால்கூட இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா கேட்பார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா மாதிரி ஏதாவது கையில் இருந்தால் விலக்கு உண்டு. எங்களிடம் எதுவும் இல்லை. ரத்து செய்ததில் போன பணம் போனதுதான். பிறகு பெங்களூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாக ஒரே டிக்கெட்டாகப் போட்டோம். வெளியே வராமல் விமானம் மாறுகிற இந்தியர்களிடம் அங்கே டிரான்சிட் விசா கேட்பதில்லை. டிரினிடாடுக்கு விசா வேண்டாம் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள், நடுவில் இறங்குகிற ஊருக்கு வேண்டுமா என்று பாருங்கள்.

ஊசி விஷயம் தங்கை போன் செய்யாவிட்டால் தெரிந்தே இருக்காது. மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவரின் அப்பா ஊர் திரும்பியபோது சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்திலிருந்தே தனிமை மையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வயதானவர், தனியாக. அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

உட்கார்ந்து படித்தபோதுதான் காரணம் புரிந்தது. டிரினிடாடின் காடுகளில் ஊளைக் குரங்குகள் இருக்கின்றன. மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அந்தக் குரங்குகளுக்கும் காட்டுக் கொசுக்களுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும். 1978-79இல் அங்கே மனிதர்களுக்கும் வந்திருக்கிறது. 2008-09இல் குரங்குகள் செத்துக் கிடந்ததில் மறுபடி வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் இந்த நோய் இதுவரை கால் வைத்ததில்லை, ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஒருவர் உடம்பில் வந்து இறங்கினால் போதும். அதனால்தான் இவ்வளவு கெடுபிடி, அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. இந்திய அரசின் பட்டியலில் டிரினிடாட் தீவு மட்டும்தான் இருக்கிறது, அதே நாட்டைச் சேர்ந்த டொபேகோ தீவு இல்லை. நீங்கள் இந்தியாவிலிருந்து நேராக வருவதால் டிரினிடாட் அரசு இந்தச் சான்றிதழைக் கேட்காது. கேட்பது நம் அரசு. போகிற நாட்டின் விதியை மட்டும் தேடினால் இது கண்ணில் படவே படாது.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். எந்த மருத்துவமனையிலும் போட்டுவிட முடியாது, மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்த மையங்களில் மட்டும்தான். திருச்சியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு மையத்துக்குப் போனேன். விடிகாலையிலேயே வரிசை. அம்மாவுக்கு உட்கார நாற்காலி இல்லை.

எங்கள் முறை வந்தது. கவுன்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைப் பார்த்தார்.

"அறுபது தாண்டியாச்சு. ஃபிட்னஸ் எங்க?"

எடுத்து நீட்டினேன். எங்கள் டாக்டர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தது.

"இதுல டாக்டரோட ரிஜிஸ்டர் நம்பர் இல்ல. ஊசிக்குத் தகுதினு தெளிவா எழுதவும் இல்ல. மாத்தி வாங்கிட்டு வாங்க."

"சார், அம்மாவைத் திருச்சியிலேருந்து கூட்டிட்டு வந்திருக்கேன்."

"எல்லாரும் எங்கேருந்தோதான் வர்றாங்க. அடுத்தவங்க வாங்க."

டாக்டருக்கு போன் போட்டேன். புதிதாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஓடிப்போய் பிரின்ட் எடுத்து வந்தேன். பிரின்ட் செல்லாது, அசல் கையெழுத்து வேண்டும் என்றார் கவுன்டர்காரர். அதற்குள் அன்றைய டோக்கனும் முடிந்திருந்தது. அங்கே இருந்த நர்ஸம்மாதான் நின்று பொறுமையாக விளக்கினார். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், கலக்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டித்தான் ஆக வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாளில், ஆள் கணக்குப் பார்த்துத்தான் திறப்பார்களாம். நியாயமான காரணம். அறுபது தாண்டியவருக்கு என்ன காகிதம் வேண்டும், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தால் அம்மா அன்று வெறும் வயிற்றோடு திரும்பியிருக்க வேண்டாம்.

அந்தக் காகிதத்தைக் கேட்பதும் வீம்புக்காக அல்ல. இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸைக் கொண்டு செய்த ஊசி. அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல்முறை போடும்போது, அபூர்வமாக என்றாலும், கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் முதலில் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். சான்றிதழுக்காக உடம்பு விஷயத்தை மறைக்காதீர்கள்.

மறுமுறை போனபோது ரிஜிஸ்டர் எண், முத்திரை, அசல் கையெழுத்து எல்லாம் இருந்தன. எங்கள் இரண்டு பேருக்கும் ஊசி போட்டார்கள், அம்மாவுக்கு லேசாக உடம்புவலி வந்ததோடு சரி. ஆனால் சான்றிதழாக அம்மா கையில் வந்த மஞ்சள் புத்தகத்தில் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. சொன்னதும் பேனாவால் அதன் மேலேயே திருத்தி நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. திருத்தமோ அழித்தலோ இருந்தால் சான்றிதழ் செல்லாமல் போகலாம் என்று அந்தப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. அந்த வரியைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே புதுப் புத்தகம் எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவு அலைச்சலில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான். கவுன்டரை விட்டு நகரும் முன் பெயர், பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் பேட்ச் எண், முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் சரிபாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி பஸ் ஏற வேண்டியதுதான்.

பயணம் நன்றாகப் போனது. பியார்கோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கேட்டது மூன்றே விஷயம்: திரும்பும் டிக்கெட், தங்குமிடத்தின் முழு முகவரி, யார் வீடு. தங்கை அழைப்புக் கடிதமும் மாப்பிள்ளையின் வேலை அனுமதிச் சீட்டின் நகலும் முன்பே அனுப்பியிருந்தாள். இரண்டையும் காகிதமாகவே வைத்திருந்தேன்.

சுங்கத்தில்தான் நின்றோம். பேரனுக்கு உரைமருந்து உரைக்க வேண்டுமென்று அம்மா வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் கட்டி எடுத்து வந்திருந்தார். கூடவே தங்கை ஆசைப்பட்டுக் கேட்ட கறிவேப்பிலை, தோட்டத்தில் போட முருங்கை விதை, பிரசவ லேகியம், வீட்டில் அரைத்த சத்துமாவு. படிவத்தில் உணவுப் பொருள், தாவரப் பொருள் இருக்கிறதா என்ற இடத்தில் ஆம் என்று குறித்திருந்தேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அம்மா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தாவரப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். கறிவேப்பிலை, முருங்கை விதை, வசம்பு மூன்றும் போய்விட்டன. காய்ந்த காய்களையும் சுக்கையும் விட்டுவிட்டார். கடையில் வாங்கி சீல் பிரிக்காத லேகியத்தையும் கொண்டுபோக விட்டார். பெயர் எதுவும் ஒட்டாத சத்துமாவுக்குத்தான் நிறைய கேள்வி, கடைசியில் அதையும் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அபராதம் எதுவும் இல்லை, யாரும் குரல் உயர்த்தவும் இல்லை. ஆம் என்று குறித்ததால்தான் அந்த மரியாதை என்று நம்புகிறேன். முளைக்கக்கூடிய எதையும், மண் ஒட்டிய எதையும் கொண்டுபோகாதீர்கள். மாவு, பொடி என்றால் கடைப் பாக்கெட்டாக, பிரிக்காமல். மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு, அதில் மருந்தின் வேதிப்பெயரோடு.

இன்னொன்று, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் கவனிக்க வேண்டியது. ராணுவ உடை மாதிரி பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக இருக்கும் துணி அங்கே பொதுமக்களுக்குச் சட்டப்படி தடை. சட்டை, டவுசர், தொப்பி, பை எதுவானாலும். கரீபியனில் பார்படோஸ், ஜமைக்கா போன்ற வேறு தீவுகளிலும் இதே சட்டம்தான்.

பணத்தை அமெரிக்க டாலராகக் கொண்டுபோய் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அந்த நாட்டில் வெளிநாட்டுப் பணத்துக்குக் கடும் தட்டுப்பாடு, மிஞ்சுகிற டிரினிடாட் டாலரைத் திருப்பி மாற்றுவது பெரிய பாடு.

ஒரு நாள் தங்கை எங்களைப் படகில் நெல்சன் தீவுப் பக்கம் அழைத்துப் போனாள். 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில், 1866க்குப் பிறகு வந்தவர்களை முதலில் இந்தத் தீவில்தான் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து வந்த கப்பல்களும் அவற்றில் உண்டு. அந்த மக்களை எந்தக் கவுன்டரில் எப்படி நடத்தியிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

திரும்பி வந்து பெங்களூரில் இறங்கியதும், குடிவரவுக்கு முன்னாலேயே சுகாதார அதிகாரிகளின் மேசை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள், டிரினிடாட் என்றதும் மஞ்சள் புத்தகம் எங்கே என்றார்கள். இரண்டையும் வாங்கி, எண்ணைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, தேதியைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். பக்கத்தில் ஒரு இளைஞரைத் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். ஊசி போட்டிருக்கிறார், ஆனால் பத்து நாள் ஆகவில்லை. டிக்கெட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, டோக்கன் கிடைக்காமல் போகிற நாளையும் சேர்த்து, குறைந்தது ஒரு மாதம் முன்பே ஊசி வேலையைத் தொடங்குங்கள்.

2016 ஜூலையிலிருந்து இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும், பழைய பத்து வருடக் கணக்கு இப்போது இல்லை. ஆனால் அதில் இருப்பது ஊசி போட்ட அன்று உங்களிடம் இருந்த பாஸ்போர்ட்டின் எண். அம்மாவின் பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகிறது. புதியது வந்தாலும் பழையதை மஞ்சள் புத்தகத்தோடு சேர்த்தே வைக்கப் போகிறேன், பேரனின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி போக வேண்டியிருக்கிறது.