ஐடஹோவை வெட்டிய இரவு

2008-ல் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு டெஸ்க் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு மேசை, ஏஜென்சி காப்பி இறங்கும் ஒரு கம்ப்யூட்டர், நான். பக்கத்தில் பாதியை விளம்பரம் எடுத்துக்கொள்ளும். மீதியில் இலங்கைப் போர்ச் செய்திக்குத்தான் முதலிடம். அதில் எங்களுக்குள் மாற்றுக் கருத்தே கிடையாது. அதற்கும் போக மிஞ்சிய இடத்தில்தான், அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் ஐந்து மாதம் மோதிக்கொண்டார்கள்.

முதல் தலைவலி பெயரிலேயே வந்தது. ஏஜென்சி காப்பியில் 'பிரைமரி' என்று இருந்ததை நான் 'உட்கட்சித் தேர்தல்' என்று போட்டேன். மறுநாள் மதியம் ஒரு வாசகர் போன் செய்தார். "ஏன் சார், ஒபாமா கட்சித் தலைவருக்கு நிக்கிறாரா, நாட்டுக்கு நிக்கிறாரா?"

அவர் கேட்டது நியாயம். நம்மூரில் உட்கட்சித் தேர்தல் என்றால் கிளைச் செயலாளர், வட்டச் செயலாளர், மாவட்டச் செயலாளர். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒரு தேர்தல் என்பது நம் வழக்கத்திலேயே இல்லை. விருப்ப மனு வாங்குவார்கள், அதற்குக் கட்டணம் உண்டு, பிறகு நேர்காணல், பிறகு தலைமை பட்டியலை வெளியிடும். டெஸ்க்குக்கு வருவதற்கு முன் நிருபராக இருந்தபோது அறிவாலய வாசலிலும் சத்தியமூர்த்தி பவன் வாசலிலும் அந்தப் பட்டியலுக்காக நானும் நாள் கணக்கில் நின்றிருக்கிறேன். ஒரே தொகுதியைக் கேட்டு மனு கொடுத்த மூன்று பேர் ஒரே டீக்கடையில் ஒன்றாக நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவர் வெளியே வாய் திறக்க மாட்டார். திறக்க வேண்டியதெல்லாம் மொட்டைக் கடிதாசியாக உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட ஊர்க்காரரிடம், ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேர் டிவி மேடையில் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் கிழிக்கிறார்கள், அதுதான் அங்கே முறை என்று எப்படிச் சொல்வது?

எங்கள் புரூஃப் ரீடர் வயதில் மூத்தவர். முதல் வாரமே கேட்டுவிட்டார். "சேவலும் புறாவும் மாதிரியாப்பா?"

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு அ.தி.மு.க. இரண்டாகி, இரட்டை இலை முடங்கி, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்ற கதையைச் சொல்கிறார். இரண்டும் மோதியதில் ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது.

"இல்ல சார், அங்க சின்னம் முடங்காது. கழுதை ரெண்டு பேருக்கும் பொது."

"தோத்தவங்க தனிக்கட்சி ஆரம்பிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க சார்."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நம்பவில்லை.

அடுத்த தலைவலி கடிகாரம். குளிர்காலத்தில் வாஷிங்டனைவிட நாம் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே இரவு எட்டு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தால் இங்கே காலை ஆறரை. பேப்பர் வீட்டு வாசலில் விழுந்திருக்கும். ரிசல்ட்டைப் பகலெல்லாம் டிவி சொல்லி, மாலைப் பத்திரிகை சொல்லி, ஆறிப்போன பிறகு மறுநாள் காலையில் நாங்கள் சொல்வோம். இந்த ஆற்றாமையில்தான் ஜனவரி 8 அன்று இரவு ஒரு வேலை செய்தேன்.

ஐந்து நாள் முன்பு அயோவாவில் ஒபாமா முதலிடம், ஜான் எட்வர்ட்ஸ் இரண்டாமிடம், ஹிலாரி மூன்றாமிடம். அடுத்தது நியூ ஹாம்ப்ஷயர். எந்தக் கருத்துக்கணிப்பை எடுத்தாலும் ஒபாமாதான். சரி, ஒரு நாள் முந்திக்கொள்வோம் என்று நள்ளிரவுக்குச் சற்று முன் தலைப்புப் போட்டேன்: 'நியூ ஹாம்ப்ஷயரிலும் ஒபாமா முன்னிலை'. கீழே ஒரு பாக்ஸ்: 'ஹிலாரியின் பயணம் முடிகிறதா?' அதோடு விடவில்லை. அவர் போட்டியிலிருந்து விலகினால் போடுவதற்கென்று முழு நீளக் கட்டுரை ஒன்றையும் எழுதி, 'ஹிலாரி விடை' என்று பெயர் வைத்துச் சேமித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

காலை ஒன்பது மணிக்கு டீக்கடையில் நிற்கிறேன். டிவியில் ஹிலாரி சிரித்தபடி கையசைக்கிறார். அவருக்கு 39 சதவீதம், ஒபாமாவுக்கு 36. பக்கத்து பெஞ்சில் ஒருவர் எங்கள் பேப்பரை விரித்து வைத்திருந்தார். டிவியைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், பிறகு முதல் பக்கத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்துவிட்டேன்.

சீஃப் சப், அதாவது எங்கள் தலைமைத் துணை ஆசிரியர், திட்டவில்லை. "முன்னிலைன்னு போட்டிருக்கியே, யார் எண்ணினது?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எண்ணாத ஓட்டுக்கு 'முன்னிலை' போடுவதை விட்டேன். ஆனால் எண்ணிய ஓட்டுக்கு 'வெற்றி' போட்டேன். அதுவும் தப்பு என்பது புரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.

ஜனவரி 19 நெவாடா. ஓட்டில் ஹிலாரிதான் முந்தினார். 'நெவாடாவில் ஹிலாரி வெற்றி' என்று அடித்தேன். ஏஜென்சி காப்பியின் கடைசிப் பத்தியில், வழக்கமாக நாங்கள் இடமில்லை என்று வெட்டிவிடும் பத்தியில், கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளில் ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12 என்று இருந்தது. அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

பிழை இல்லை. வேட்பாளரைக் கடைசியில் முடிவு செய்வது மாநாட்டில் இந்தப் பிரதிநிதிகள் போடும் ஓட்டுதான். ஜனநாயகக் கட்சியில் மாநிலம் மொத்தமும் ஒருவர் மடியில் விழாது. 15 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு வாக்குக்கு ஏற்றபடி பிரதிநிதிகளைப் பகிர்வார்கள். அதிலும் பெரும்பகுதி தொகுதிவாரியாகப் போகும். நாலு பிரதிநிதிகள் உள்ள தொகுதியில் ஒருவர் 55, மற்றவர் 45 வாங்கினாலும் ஆளுக்கு இரண்டுதான். ஐந்து உள்ள தொகுதியில் கொஞ்சம் முந்தினாலே மூன்றுக்கு இரண்டு. ஆக, இரட்டைப்படைத் தொகுதியில் ஓட்டை வாரிக் குவிப்பதைவிட ஒற்றைப்படைத் தொகுதியில் மயிரிழையில் முந்துவது லாபம். ஒபாமா ஆட்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்ப் பாடம். ஹிலாரி ஆட்களும் என்னைப்போலவே 'வெற்றி'யை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிப்ரவரி 5, சூப்பர் செவ்வாய். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஒரே நாளில் ஓட்டு. மறுநாள் இரவு பக்கம் போடும்போது ஒரு நகைக்கடை விளம்பரம் கூடுதலாக வந்து உட்கார்ந்தது. பேஜ் மேக்கர் தம்பி, "அண்ணே, ஆறு வரி அதிகமா இருக்கு" என்றான். எதை வெட்டுவது? நியூ ஜெர்சியைத் தொட முடியாது. நம்மூர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள், அப்பா அம்மாக்கள் இங்கே எங்கள் வாசகர்கள். ஐடஹோவில் யார் இருக்கிறார்கள், உருளைக்கிழங்கைத் தவிர? வெட்டினேன்.

நியூ ஜெர்சியில் ஹிலாரிக்கு 59 பிரதிநிதிகள், ஒபாமாவுக்கு 48. லாபம் 11. ஐடஹோவில் ஒபாமாவுக்கு 15, ஹிலாரிக்கு 3. லாபம் 12. நான் தலைப்பில் வைத்த மாநிலத்தை, வெட்டி எறிந்த மாநிலம் அடித்துவிட்டுப் போயிருந்தது. இதை எந்த வாசகரும் கண்டுபிடித்து எழுதவில்லை. நானாகத்தான் இரண்டு நாள் கழித்துக் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு மேசைக்கு மேலே ஒரு சார்ட் ஒட்டினேன். மாநிலம், தேதி, அவருக்கு எத்தனை, இவருக்கு எத்தனை, மொத்தம். மார்ச் 4-ல் டெக்சாஸ். அங்கே பகலில் ஓட்டு, ராத்திரி அதே ஆட்கள் வார்டு வார்டாகக் கூடி இன்னொரு தேர்வு. ஓட்டில் ஹிலாரி, கூட்டத்தில் ஒபாமா, கடைசிக் கணக்கில் 99-க்கு 94 என்று ஒபாமா. (அதே நாளில் மறுமுனையில் ஜான் மெக்கெய்ன் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகிவிட்டார். அவர்கள் கட்சியில் பல மாநிலங்களில் முந்தியவருக்கே முழுச் சாப்பாடு. சீக்கிரம் பந்தி முடிந்துவிடும்.) ஏப்ரலில் முதல் ஐ.பி.எல். தொடங்கியதும் என் வேலை சுலபமானது. "நெட் ரன் ரேட் மாதிரி" என்றேன். ஸ்போர்ட்ஸ் டெஸ்க்கே எழுந்து வந்து சார்ட்டைப் பார்த்தது.

வாசகர்களுக்கு விளக்கமே தேவைப்படாதது ஒன்று உண்டென்றால் அது சூப்பர் டெலிகேட்தான். கட்சியின் எம்.பி.க்கள், கவர்னர்கள், மூத்த நிர்வாகிகள் என்று சுமார் எண்ணூறு பேர். மக்கள் ஓட்டு என்னவாக இருந்தாலும் மாநாட்டில் தங்களுக்குப் பிடித்தவரை ஆதரிக்கலாம் என்பது அன்றைய விதி. "அதான பார்த்தேன், பெரிய மனுஷங்க இல்லாமலா!" என்றார் சீஃப் சப், ஏதோ நிம்மதியோடு. 1968-ல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமலேயே சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானார், ரகளைக்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள் என்று சொன்னேன். அதுவரை அங்கேயும் ஒருவிதத்தில் நேர்காணல் கதைதான்.

ஜூன் 3-ல் ஒபாமா தேவையான பிரதிநிதிகளின் எண்ணிக்கையைத் தாண்டினார். வழக்கம்போல எங்களுக்கு விடிந்த பிறகு. ஆனால் ஜூன் 7, சனிக்கிழமை, அந்தக் கடிகாரம் ஒரே ஒரு முறை இரக்கம் காட்டியது. ஹிலாரி விலகல் உரையை அங்கே பட்டப்பகலில் பேசினார். இங்கே இரவு பத்து மணியைத் தாண்டியிருந்தது. சிட்டி எடிஷனுக்கு நேரம் இருந்தது. 'ஹிலாரி விடை' கோப்பைத் திறந்தேன். ஜனவரியில் எழுதியது. ஒரு வரிகூட உபயோகப்படவில்லை. அதில் இருந்தவர் தோற்று ஓய்ந்தவர், இங்கே பேசிக்கொண்டிருந்தவர் அப்படி இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன்.

உயரமான அந்தக் கண்ணாடிக் கூரையை உடைக்க முடியவில்லை, ஆனால் உங்களால் அதில் 1 கோடியே 80 லட்சம் விரிசல்கள் விழுந்திருக்கின்றன என்று சொன்னார். அவருக்கு விழுந்த ஓட்டுகளின் எண்ணிக்கை அது. பேஜ் மேக்கர் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "கண்ணாடிக் கூரைன்னா என்னண்ணே, மால்ல இருக்குமே அதுவா?" என்றான். பொம்பளைங்க மேல போகமுடியாம தடுக்கிற, கண்ணுக்குத் தெரியாத கூரைடா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப 'கண்ணுக்குத் தெரியாத'ன்னு சேர்த்துடுங்க. இடம் நான் பண்ணித் தர்றேன்." அன்றைக்கு விளம்பரத்தை எங்கே நகர்த்தினான் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் டென்வரில் மாநாடு. மாநிலவாரியாகப் பிரதிநிதிகளின் வாக்கைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நியூயார்க் முறை வந்ததும் ஹிலாரியே எழுந்து, எண்ணிக்கையை நிறுத்திவிட்டு ஒபாமாவை ஏகமனதாக வேட்பாளராக அறிவிக்கலாம் என்று முன்மொழிந்தார். செய்தியை எழுதி முடித்து, புரூஃப் எடுத்துப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். இரண்டு தடவை படித்தார். 'எனக் கூறினார்' என்பதில் நான் விட்டிருந்த 'க்' என்ற ஒற்றைச் சிவப்பு மையில் போட்டார். கையெழுத்துப் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"புறாவே எழுந்து சேவலை முன்மொழிஞ்சிருக்கு. யாருப்பா இதை நம்புவா?"

அடுத்த பக்கத்தைக் கேட்டுக் கையை நீட்டினார்.