சீனி மாத்திரையும் ஒரு சில்லுக் கருப்பட்டியும்

அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக் கடையில் நான் மருந்தாளுநராகச் சேர்ந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பக்கத்தில் நோய்க்குப் பெயர் சுகர். காப்பியில் போடுவது சீனி. ஆகவே செயற்கை இனிப்பூட்டி வாங்க வருபவர்களும் 'சீனி மாத்திரை' என்றுதான் கேட்பார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பாதி உளுந்தம்பருப்பு அளவில் ஒரு வில்லை விழும் சிறு டப்பா அது.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், ஆறாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் தம் மாமியாருடன் வந்தார். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தாண்டியிருந்ததால், கர்ப்பகாலச் சர்க்கரை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "அண்ணாச்சி, மாசமா இருக்கவுங்க இதப் போடலாமா?" என்று டப்பாவைக் காட்டிக் கேட்டார். கடையில் அன்று கூட்டம். "எதுக்கும்மா வம்பு, கெமிக்கல் வேண்டாம்" என்று சொல்லி அடுத்தவரின் சீட்டை வாங்கிவிட்டேன். "அதத்தான் நானும் சொல்லுதேன், கருப்பட்டி இருக்கையில மாத்திர எதுக்கு?" என்றார் மாமியார். மூன்று வாரம் கழித்து அதே பெண் இன்சுலின் சீட்டோடு வந்தார். அவருக்கு எப்படியும் இன்சுலின் தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும் இடைப்பட்ட நாட்களில் வேளைக்கு வேளை கருப்பட்டிக் காப்பி குடித்ததாக அவர் சொன்னபோது, என் பதிலுக்கும் அதில் பங்கிருப்பதை மறுக்க முடியவில்லை.

உடன்குடிக் கருப்பட்டியின் மணத்தை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் கொஞ்சம் தாது உப்புகளும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ். இரத்தத்தில் அது செய்யும் வேலை சீனி செய்யும் வேலையேதான்.

அதன்பின்தான் டப்பாக்களின் பின்புறத்தை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். எல்லா வில்லையும் ஒன்றல்ல. அவற்றில் இருக்கும் இனிப்பூட்டிகளில் ஒன்றான அஸ்பார்ட்டேமுக்கு ஒரு நாளின் ஏற்கத்தக்க அளவு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பது உலக நிபுணர் குழுவின் கணக்கு. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 2,400 மில்லிகிராம் ஆகிறது. வில்லைக்கு 18 மில்லிகிராம் என்றால் 130 வில்லைகளுக்கும் மேல். அந்த வேதிப்பொருள் குடலிலேயே சிதைந்துவிடும். ஆனால் ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ள தாய்க்கு அது ஆகாது. சிதைவில் வரும் ஃபீனைல்அலனின் அவர் இரத்தத்தில் ஏறினால் கருவின் மூளை வளர்ச்சி கெடும். சுக்ரலோஸ் என்ற இன்னொரு இனிப்பூட்டி பெரும்பாலும் உட்கிரகிக்கப்படாமலே வெளியேறிவிடுகிறது. நான் தயங்குவது சாக்கரின் என்ற இனிப்பூட்டியிடம் மட்டுமே. எலிகளுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வந்ததாக 1977-இல் எழுந்த அச்சம் மனிதருக்குப் பொருந்தாது என்று கண்டு, 2000-இல் அமெரிக்கா அதைப் புற்றுக்காரணிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆனால் அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் திசுக்களில் மெதுவாகவே கழிவதால், வேறு வகை கிடைக்கும்போது கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இப்படிச் சொல்வதால் இனிப்பூட்டிகளை நான் தாராளமாகப் பரிந்துரைப்பதாக எண்ண வேண்டாம். டென்மார்க்கில் 59,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் பதிவுகளைக் கொண்டு 2010-இல் வெளியான ஆய்வு, செயற்கை இனிப்புக் குளிர்பானங்களை அதிகம் குடித்தவர்களிடம் குறைப்பிரசவம் சற்றுக் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அதுவே காரணம் என்று அது நிறுவவில்லை. காப்பிக்கு ஒரு வில்லை வேறு, நாள்தோறும் பாட்டில் பாட்டிலாகக் குளிர்பானம் வேறு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்படியும் சொல்லி அனுப்புகிறேன்.

இப்போதெல்லாம் யாராவது டப்பாவைக் காட்டிக் கேட்டால், வீட்டில் காப்பிக்கு என்ன போடுகிறீர்கள் என்றுதான் முதலில் விசாரிப்பேன். சென்ற மாதம் கர்ப்பிணியான பேத்தியோடு வந்த ஒரு ஆச்சி, "இம்புட்டுக் கருப்பட்டிதாம்யா" என்று முந்தியில் முடிந்திருந்த சில்லை அவிழ்த்துக் காட்டினார். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தோம். 20 கிராம் இருந்தது. நாளைக்கு எத்தனை தம்ளர் என்றேன். நாலு என்றார். சோதனைக்குக் குடிக்கக் கொடுத்ததே 75 கிராம்தான் என்று சொன்னதும், ஆச்சி தராசையும் பேத்தியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சில்லை எடுத்துத் திரும்பவும் முந்தியில் முடிந்துகொண்டார்.