உலகப் பெயர், சிங்கப்பூர் காது

பெண் குழந்தைக்கு யாரும் வைக்காத பெயராக வேண்டும் என்று வெளிநாட்டுப் பெயர்களைத் தேடுகிறவர்கள் பொருளைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. இங்கே வளரும் பிள்ளையின் பெயர் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என நான்கு மொழிக் காதுகளிலும் விழும்.

முதலில் மலாய்க்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். ‘லாரா’ ரஷ்யாவில் அழகான பெயர், மலாயில் துயரம். மாலதியை ‘மாலு’ என்று செல்லமாகக் கூப்பிட்டால் இந்த ஊரில் அது வெட்கக்கேடு. ‘காயா’ என்றாலோ ரொட்டியில் தடவுவதுதான் எல்லாருக்கும் நினைவு வரும். நம் பழைய ‘மாலா’வும் தப்பவில்லை: ஆங்கிலத்தில் எழுதினால் உணவங்காடியில் விற்கும் சீனக் காரச் சட்டி உணவு. யாழினி போன்ற பெயரில் ழகரத்துக்கு ‘இஸட் ஹெச்’ போட்டால், சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையைப் படித்த சீன ஆசிரியர் ‘யாஜினி’ என்றே வாசிப்பார். அவர்மேல் குற்றமில்லை, அவர் படித்த முறை அப்படி.

தமிழ்க் காதையும் மறக்க வேண்டாம். ‘சானியா’வைத் தமிழில் ‘சனியா’ என்று எழுதிவிட்டால் எந்தப் பாட்டியும் வாய்விட்டுக் கூப்பிட மாட்டார். கொரிய ‘நாரி’ லில்லிப்பூ. ஆங்கில எழுத்தில் பார்க்கிற தமிழருக்கு நரி.

அயர்லாந்துப் பெயர்களில் சிக்கல் எழுத்தில். என், ஐ, ஏ, எம், ஹெச் என்று எழுதிவிட்டு ‘நீவ்’ என்பார்கள். மருந்தகத்தில் ஒவ்வொரு முறையும் பிள்ளை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதே பெயரின் வேல்ஸ் வடிவமான ‘நியா’ எவ்வளவோ மேல். சுவாஹிலியிலும் அந்தச் சொல் உண்டு. நோக்கம் என்று பொருள்.

நட்சத்திர எழுத்து பார்க்கும் வீடுகளில் ‘உலகப் பெயர் ஒத்துவராது’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நன்றாகவே ஒத்துவரும். அனுஷத்துக்கு ந, நி, நு, நே: நியாவும் எபிரேயத்திலும் ஜப்பானியத்திலும் வாழும் நவோமியும் இருக்கின்றன. மகத்துக்கு ம, மி, மு, மே: ஸ்லாவிய ‘மிரா’, அமைதியைக் குறிக்கும் வேர், நம் மீராவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பரணிக்கு லி, லு, லே, லோ: ஹவாயின் ‘லேலானி’. புனர்பூசத்துக்கு கே, கோ, ஹ, ஹி: ‘ஹனா’, ஜப்பானில் பூ, அரபியில் மகிழ்ச்சி. இந்த ஹனாவை மனதாரப் பரிந்துரைக்கலாம். நான்கு மொழிக்காரருக்கும் நாக்கில் சிக்காது, தமிழிலும் இரண்டே எழுத்தில் அடங்கும்.

கானாவின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக்குவார்கள். சனிக்கிழமைப் பெண் ‘ஆமா’, வெள்ளிக்கிழமைப் பெண் ‘அஃபுவா’. கிழமை தவறாமல் வைத்தால்தான் அந்த மரபுக்கு மரியாதை. ‘ஆமா’வைத் தமிழ் வீட்டில் தனிப்பெயராக வைத்தால் கூப்பிடுகிறார்களா, ஆமோதிக்கிறார்களா என்றே தெரியாது, இரண்டாம் பெயராகச் சேர்க்கலாம்.

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். சிங்கப்பூர் அரசின் லைஃப்எஸ்ஜி செயலியில் பதியலாம். 2022 மே 29 முதல் சான்றிதழும் மின்வடிவம்தான். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் மேற்கோடு, புள்ளி எதுவும் நிற்காது. ஆகவே மாவோரி, ஹவாய்ப் பெயர்களின் நெடில் கோடு அங்கே உதிர்ந்துவிடும். அந்த வரியில் பெயருக்கு 39 இடம்தான். அப்பா பெயரே நீளமென்றால் மகளுக்குச் சின்னப் பெயராகப் பாருங்கள். பதிவை அனுப்பும் முன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக இருவர் சத்தமாகப் படியுங்கள். வளர்ந்தபின் மாற்றுவதென்றால் வழக்கறிஞரிடம் போய் ‘டீட் போல்’ என்ற பெயர்மாற்றப் பத்திரம் போட வேண்டும். அதன் பிறகு பள்ளி, வங்கி என ஒவ்வோர் ஆவணமாகத் திருத்த வேண்டியிருக்கும்.