மெரெரின் வேலைக் குறிப்பு

கிசாவின் பெரிய பிரமிடைக் கட்டியவர்களைச் சாட்டையடி வாங்கும் அடிமைகளாகவே இன்றும் பலர் வரைகிறார்கள். அது தவறு. அந்த வேலையில் இருந்த ஒருவரின் குறிப்பேடே நம்மிடம் இருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் 2013-ல் பிரெஞ்சு தொல்லியலாளர் பியர் தலேயின் குழு கண்டெடுத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகள் அவை. எழுதியவர் மெரெர், சுமார் 40 பேர் கொண்ட படகுக் குழுவின் மேற்பார்வையாளர். காலம், அந்தப் பிரமிடைக் கட்டுவித்த கூஃபு மன்னரின் கடைசி ஆண்டுகள்.

பிரமிடின் உட்பகுதிக் கற்களில் பெரும்பாலானவை கிசாவிலேயே வெட்டியவை. வெளிப்புறத்தை மூடிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் நைல் நதியின் கிழக்குக் கரையில் உள்ள டூராவிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் மெரெரின் ஆட்களும் உண்டு.

ஏட்டின் மேலே மாதம், கீழே நாள்வாரியாகக் கட்டங்கள். டூராவில் கல் ஏற்றி, நீரோட்டத்தோடு வடக்கே இறங்கி, வழியில் ஓரிரவு தங்கி, மறுநாள் பிரமிடு அருகே சேர்கிறார்கள். காலிப் படகு தெற்கே திரும்ப வடகாற்று உதவும். பத்து நாளில் இரண்டு மூன்று நடை. வெள்ளக் காலத்தில் கால்வாய் நிறைந்தால்தான் கல்லோடு அவ்வளவு அருகே வரமுடியும். நீர் வடிந்துவிட்டால் அந்தப் பாரத்தைத் தரையில் இழுக்கவேண்டும்.

உடம்பு தேய்ந்தது உண்மைதான். கிசா தொழிலாளர் கல்லறைகளில் கிடைத்த எலும்புகளில் முதுகும் முழங்காலும் தேய்ந்திருக்கின்றன. ஆனால் முறிந்த கைகள் நேராகக் கூடியிருக்கின்றன. யாரோ கட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூலி தானியம், ரொட்டி, பீர். உடன் கிடைத்த கணக்கு ஏடுகளில் வரவேண்டியது, வந்தது, பாக்கி என்று தனித்தனியே குறித்திருக்கிறார்கள்.